அருளம்மாவின் சிரிப்பும் சில திருத்தங்களும்

காலை எட்டே முக்காலுக்கு இயக்குநர் வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு அவருடைய கதிரை வந்தது.

சிவப்பு வெல்வெட் கதிரை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை இருப்பது. வாடகைக் கடைக்காரர் அதை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்கினார். கரையோரக் கலை மேம்பாட்டுக் கந்தோரின் உத்தியோகத்தர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிருஷிகாவும் எழுந்தாள். பக்கத்தில் இருந்த முஸ்பிரா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரடி. கதிரை வணக்கம் சொல்லாது."

இருவரும் மன்னார்ப் பட்டினத்தில் உயர்தர வகுப்புப் படிக்கிறவர்கள். 'மீண்டெழும் முகங்கள்' என்ற மாணவர் உருவப்படத் திட்டத்துக்குத் தெரிவானவர்கள். தெரிவானதற்கு அவர்கள் செய்த குற்றம், பள்ளிக்கூடத்தில் கமரா பிடிக்கத் தெரியுமா என்று கேட்டபோது கையை உயர்த்தியது.

இயக்குநர் அமிர்தநாயகம் மத்தியானம் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடற்காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது. ஐந்து திரியும் ஒரே நேரத்தில் எரியாமல் நிகழ்வைத் தொடங்கினால் பிறகு கேள்வி வரும் என்றார் ஒருவர். யன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது. மல்லிகைமாலை, வியர்வை, சென்ட், எண்ணெய் ஊறிய ரோல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு மணமாக மண்டபத்தில் இறங்கியது. கிருஷிகா வாயால் மூச்சுவிட்டாள்.

"நான் அதிகம் பேச விரும்பவில்லை" என்று இயக்குநர் தொடங்கினார். பிறகு பேசினார்.

"மாணவர்கள் உருவப்படம் எடுப்பது இத்திட்டத்தின் நோக்கம் அல்ல. மாணவர்கள் உருவப்படம் எடுப்பதை நாங்கள் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதே நோக்கம். ஆகவே படம் எடுக்கும்போது நேராக நில்லுங்கள். அடுத்தது, எந்தப் படமும் ஊக்கமில்லாமல் எடுக்கப்படக் கூடாது. பெரிய படப்பிடிப்பாளர் ஒருவரைத் தெரிந்து, அவரிடம் ஊக்கம் பெற்று, அதை உறுதிப்படுத்திய பின்னரே கமராவைத் தொட வேண்டும். ஊக்கம் பெறாமல் எடுத்த படங்களால் இந்த நாடு பட்ட பாடு போதும்."

கைதட்டினார்கள். எந்தப் பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிருஷிகாவிடம் ஊக்கம் இருந்தது. அவளுடைய சித்திரப்பாட ஆசிரியை தன் போனில் சில படங்கள் காட்டியிருந்தார். இல்டா மொறைரா என்று எங்கோ ஒரு துறைமுகப் பட்டினத்துப் பெண் எடுத்தவை. மூட்டை தூக்குகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள். ஒருவரையும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கமராவை அவர்களுடைய கண்ணுக்கு நேரே வைத்திருந்தாள், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கிருஷிகா அந்தப் படங்களைப் பார்த்த அன்றே யாரை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

இலுப்பைக்கடவையில் அவளுடைய வீட்டுக்குப் பக்கத்து வளவு அருளம்மாவுடையது. இரண்டு குடும்பமும் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவை. திரும்பி வந்தும் அடுத்தடுத்தே இருந்தன. சொந்தமில்லை, ஆனால் சித்தி. விடியக் கடற்கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவது அவளுடைய வேலை. விரல்களெல்லாம் கீறல்.

"சித்தி, உங்களைப் படம் எடுக்கப் போறன்."

"ஏன், நான் என்ன களவெடுத்தனான்?"

"இல்லை சித்தி, கண்காட்சிக்கு."

அருளம்மா ஒரு நண்டின் காலை வலையிலிருந்து பிரித்தபடி யோசித்தாள்.

"பிள்ளை, என்னை எத்தினை பேர் படம் எடுத்திட்டாங்கள். அங்கால போய் இறங்கினவுடன எடுத்தவங்கள். முகாமில எடுத்தவங்கள். பொலிசு எடுத்தது. திரும்பி வரேக்க எடுத்தது. எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான், வாயை மூடு, நேர பார். சிரிச்ச படம் ஒண்டு என்னட்ட இல்லை. கலியாணத்திலயும் சனியன் பிடிச்ச கமராக்காரன் பல்லைக் காட்டாத எண்டிட்டான்."

"நான் சிரிச்சபடி எடுக்கிறன்."

"இந்த ஓட்டையோடயோ?" வாயைத் திறந்து காட்டினாள். முன்னால் இரண்டு பல் இல்லை.

"அதோடதான்."

"சத்தியமா?"

"சத்தியமா சித்தி."

"பெரிசாப் போடுவினமோ?"

"ஆளுயரத்துக்கு. பட்டினத்து மண்டபத்தில."

"அப்ப நான் பஸ் எடுத்து வந்து பாக்கிறன். பல்லில்லாட்டியும் பகட்டுக்குக் குறைவில்லை எண்டு சனம் பாக்கட்டும்."

கிருஷிகா மொறைராவின் பெயரோடு எழுதிக் கொடுத்த திட்டத்தைப் பரிசீலிக்கும் கூட்டம் கந்தோரில் நடந்தது. நடுவில் இயக்குநர். ஒரு பக்கம் அழகியல் இணைப்பாளர் ஸஜானா. மறுபக்கம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இன்பாஸ். கமராவும் கணினியும் இன்பாஸ் பொறுப்பு. கமரா பூட்டிய அலுமாரியில் இருந்தது. அலுமாரித் திறப்பு இயக்குநரின் காற்சட்டைப் பையில்.

"இந்த மொறைரா எண்டிறவ உயிரோட இருக்கிறாவோ?" என்று இயக்குநர் கேட்டார்.

"தெரியாது சேர்."

"இருந்தால் அவவின்ர அனுமதி வேணும். செத்திருந்தால் குடும்பத்தாரின்ர அனுமதி வேணும்."

"எதுக்கு சேர்?"

"ஊக்கம் பெற."

"நான் பெற்றிட்டன் சேர்."

இன்பாஸ் எழுதுவதை நிறுத்தினார். ஸஜானா கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநரின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

"அனுமதி இல்லாமலோ?"

கிருஷிகா தலையாட்டினாள்.

"வெளிநாட்டு ஆளிட்ட?"

கடைசியில் அவளுடைய வயதைக் கருதி மன்னித்தார்கள். பெற்ற ஊக்கத்தை மறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கந்தோரிடம் அங்கீகரிக்கப்பட்ட படப்பிடிப்பாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். இருவர் காலமாகிவிட்டார்கள், அவர்களுடைய படங்களை அங்கே ஒருவரும் கண்டதில்லை. மூன்றாமவர் இயக்குநர் அமிர்தநாயகம். உடனடியாக ஊக்கம் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர் அவர் மட்டுமே என்பதால் மாணவர்கள் எல்லாரும் அவரிடமே பெற்றார்கள்.

அதற்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். திரையில் இயக்குநரின் படைப்புகள் ஓடின. இயக்குநர் ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால். இயக்குநர் விமானநிலையத்தில். இயக்குநர் பாங்கொக்கில் ஒரு யானைக்குப் பக்கத்தில். யானை பாதிதான் தெரிந்தது.

முஸ்பிரா கையை உயர்த்தினாள். "சேர், எல்லாத்திலயும் நீங்கள்தானே நிக்கிறியள். அப்ப எடுத்தது ஆர்?"

"என்ர மனைவி. ஆனால் அது முக்கியமில்லை. அவ பட்டனைத்தான் அமத்தினவா. படம் என்பது நிற்பவருக்குச் சொந்தமானது. இதை எழுதிக்கொள்ளுங்கோ பிள்ளைகள்."

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கழுதைகள் குப்பை மேய்ந்துகொண்டு நின்றன. முஸ்பிரா அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நான் உதுகளில ஒண்டை எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கோணும். கழுதைக்கு ஊக்கமும் தேவையில்லை, உபதேசமும் தேவையில்லை."

"நீ ஆரை எடுக்கிறாய்?"

"மாமாவை. இறைச்சிக் கடையில, கத்தியோட. பாப்பம், கத்திக்கு ஆரிட்ட அனுமதி வாங்கச் சொல்லுறாங்கள் எண்டு."

படம் எடுக்கும் நாளில் கந்தோர் வான் வண்டி இலுப்பைக்கடவைக் கரைக்கு வந்தது. கமராவுக்குப் பாதுகாப்பாக இயக்குநரும் ஸஜானாவும் இன்பாஸும் வந்தார்கள். தொழில் ஒழுக்கம் என்று சொல்லி கிருஷிகாவின் போனை வாங்கி வானுக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஸஜானா இறங்கியதும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மணம் இது?"

"நண்டு மிஸ்" என்றாள் அருளம்மா. "நேற்றையான்."

"படத்தில மணக்காதுதானே?" என்று இயக்குநர் இன்பாஸைக் கேட்டார். இன்பாஸ் யோசித்துவிட்டு, அநேகமாக மணக்காது என்றார்.

அவர்கள் ஒரு நீலத் துணியும் பிளாஸ்டிக் பூச்சாடியும் கொண்டுவந்திருந்தார்கள். கடலும் வலையும் கண்ணைக் குழப்பும், பின்னணி ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றார் ஸஜானா. அருளம்மாவுக்குப் பின்னால் இரண்டு தடி நட்டு நீலத் துணியைக் கட்டினார்கள். பின்னால் உண்மையான நீலம் அடிவானம் வரைக்கும் கிடந்தது.

"நேர பாருங்கோ" என்றார் இயக்குநர். "வாயை மூடுங்கோ."

அருளம்மா கிருஷிகாவைப் பார்த்தாள். கிருஷிகா கமராவுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அப்போது காற்று ஒரு இழுவை இழுத்தது. நீலத் துணி தடியோடு பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போனது. "அரச சொத்து!" என்று கத்தினார் இயக்குநர். இன்பாஸ் சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்தார். துணி அவரைச் சுற்றிக்கொண்டது. அவர் விழுந்தார், எழும்பினார், மறுபடி விழுந்தார். அருளம்மா சிரித்தாள். தலையைப் பின்னால் எறிந்து, கையில் பிடித்த நண்டோடு, வயிறு குலுங்கச் சிரித்தாள். கிருஷிகா அமத்தினாள்.

அந்த ஒன்று போதும் என்று அவளுக்கு உடனேயே தெரிந்தது. கமராவின் சிறிய திரையில் அருளம்மாவுக்குக் காட்டினாள். திறந்த வாய், ஓட்டைப் பல், கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு, நெற்றியில் உப்பு. மூலையில் நீலமாக ஏதோ கலங்கித் தெரிந்தது, அது இன்பாஸ்.

அருளம்மா ஈர விரலைச் சீலையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டாள்.

"இது நான்தான்" என்றாள். "இதையே போடு பிள்ளை."

அடுத்த கிழமை படங்களைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். அருளம்மாவின் படம் திரையில் வந்தது.

"வாய் திறந்திருக்கு" என்றார் இயக்குநர்.

"பல்லும் இல்லை" என்றார் இன்பாஸ். அந்தச் சிரிப்பு எதற்கு வந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

"வெளிநாட்டார் பார்த்தால் இந்த மாவட்டத்தில பல் வைத்தியர் இல்லை எண்டு நினைப்பினம்."

"இருக்கிறாரோ சேர்?" என்று முஸ்பிரா கேட்டாள்.

"அது வேற திணைக்களம்."

ஸஜானா கிருஷிகாவின் பக்கம் அன்போடு திரும்பினார். "பிள்ளை, வறுமையைக் காட்டலாம். ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா அது சுத்தமான வறுமையா இருக்கோணும். இன்னொண்டு, இவ சந்தோசமா இருக்கிறா. எங்கட தலைப்பு மீண்டெழும் முகங்கள். இவ ஏற்கனவே எழும்பி நிண்டு சிரிக்கிறா. அப்ப எங்களுக்கு என்ன வேலை?"

"உண்மை" என்றார் இயக்குநர். "எழும்பாத ஆள்தான் தேவை. நாங்கள்தான் எழுப்ப வேணும்."

திருத்தங்கள் தொடங்கின. இன்பாஸ் கணினியில் செய்தார். மாணவர்கள் பின்னால் நின்று பயில வேண்டும். முதலில் வாயை மூடினார். மூடிய வாய் அருளம்மாவின் முகத்தில் சரியாக அமையவில்லை. நகைக்கடைக் கலண்டரிலிருந்த பெண்ணிடமிருந்து ஒரு வாயை எடுத்துப் பொருத்தினார். வாய் மூடியதும் கண் அதற்குப் பொருந்தவில்லை. சிரிக்காத வாய்க்கு மேல் சிரிக்கும் கண் இருப்பது நையாண்டி போலத் தெரிவதாக இயக்குநர் சொன்னார். கண்ணும் மாறியது. வாயையும் கண்ணையும் தந்த கலண்டர்ப் பெண் நல்ல சிவப்பு. ஆகவே முகத்தையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நண்டை எடுத்தார்கள். நண்டு போனதும் வெறுங்கை பிச்சை கேட்பது போல இருந்தது. கையையும் எடுத்தார்கள். நெற்றியில் உப்பிருந்த இடத்தைத் தேய்த்தார்கள். கழுத்தில் ஒரு சங்கிலி போட்டார்கள், செலவில்லாமல்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஸஜானா, "இப்ப ஆள் வாறா" என்றார்.

கிருஷிகா திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மீன் வயிறு கீறுவதை அவள் சிறுவயதிலிருந்து பார்த்தவள். அதில் ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை.

"சேர், நான் விலகிறன். என்ர படத்தைத் தாங்கோ."

"உங்கட படமோ?" இயக்குநர் ஆச்சரியப்பட்டார். "கமரா கந்தோருடையது. அப்ப படமும் கந்தோருடையது."

"படம் நிக்கிறவைக்குச் சொந்தம் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னீங்கள்."

"அது நிற்பவர் பதவியில இருந்தால்."

"ஒரு பிரதி எண்டாலும் தாங்கோ. திருத்தாத படம். நான் சித்திக்கு வாக்குக் குடுத்தனான்."

"திருத்தாத படம் எண்டு ஒண்டு இனி இல்லை" என்றார் இன்பாஸ். "அதுக்கு மேலதான் திருத்தினது."

அவர் கதிரையை அவள் பக்கம் திருப்பவேயில்லை. கிருஷிகா அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பவுடர் வியர்வையில் கரைந்து வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். எண்ணெய் அவருடைய நாடியில் வழிந்தது.

"கவலைப்படாதேங்கோ மகள்" என்றார் மென்றபடி. "அந்த மனிசி இதைப் பாத்தா சந்தோசப்படுவா. ஆருக்குத்தான் வடிவாத் தெரிய விருப்பமில்லை?"

படங்களைப் பெரிதாக அடிக்கும் வேலை இன்பாஸின் மச்சானுடைய கடைக்குப் போனது. மன்னாரில் சந்திக்குச் சந்தி நிற்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் பெரும்பாலானவை அந்தக் கடையில் அடித்தவை. கண்காட்சிக்கு முதல்நாள் படங்கள் வந்து இறங்கின. கிருஷிகாவும் முஸ்பிராவும் உறையைப் பிரித்தார்கள்.

ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் மேகம் இருந்தது. கீழே இரண்டு பக்கமும் எரியும் மெழுகுதிரி. மேலே ஒரு வெள்ளைப் புறா, ஒரு ரோசாப்பூ. முஸ்பிராவின் மாமாவின் கத்தியும் கடையும் போய், அவர் வானத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"மாமா காலமையும் என்னட்ட பிளேன்டீ வாங்கிக் குடிச்சவர்" என்றாள் முஸ்பிரா.

கிருஷிகா இன்பாஸிடம் ஓடினாள். "சேர், இது செத்தவீட்டுப் படம் மாதிரி இருக்கு."

இன்பாஸ் படங்களைப் பார்த்தார். அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"பெரிசாப் படம் அடிச்சா இப்பிடித்தான் அடிக்கிறது தங்கச்சி. இந்த ஊரில வேற எதுக்கு ஆக்களின்ர படத்தைப் பெரிசா அடிக்கிறவை?"

அவளும் வேறெதற்கும் கண்டதில்லை.

இயக்குநர் வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கண் கலங்கினார்.

"இப்பதான் ஒரு கண்ணியம் வந்திருக்கு" என்றார்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு அட்டை ஒட்டினார்கள். எண்ணக்கரு: அமிர்தநாயகம். ஊக்கம்: அமிர்தநாயகம். அழகியல்: ஸஜானா. தொழில்நுட்பம்: இன்பாஸ். கடைசியில் பொடி எழுத்தில் மாணவரின் பள்ளிக்கூடம். படத்தில் இருப்பவரின் பெயரைப் போடவில்லை. அது தனிப்பட்ட விசயம் என்றார் ஸஜானா.

அன்று கிருஷிகா இரண்டு முறை அருளம்மாவுக்குப் போன் எடுத்தாள், வரவேண்டாம் என்று சொல்ல. முதல் முறை அருளம்மா எந்தச் சீலை உடுத்துவது என்று கேட்டாள். இரண்டாம் முறை, நண்டுக்காரிகள் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இரண்டு முறையும் கிருஷிகா வேறு எதையோ கதைத்துவிட்டு வைத்தாள்.

கண்காட்சியைத் திறக்கக் கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். அவர் மண்டபத்துக்குள் ஒரு அடி வைத்தார். சுவரெல்லாம் மேகம், மெழுகுதிரி, புறா. அவர் நின்றார். சப்பாத்தைக் கழற்றினார். தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி முதலாவது படத்தின் கீழே வைத்துத் தலையைக் குனிந்தார்.

இயக்குநர் வாயைத் திறந்தார். மேலதிகாரியைத் திருத்துவதற்குக் கந்தோரில் நடைமுறை எதுவும் இல்லை. வாயை மூடினார். தன் சப்பாத்தையும் கழற்றினார். ஸஜானா கழற்றினார். இன்பாஸ் கழற்றினார். மண்டபம் முழுவதும் சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. சப்பாத்துகளை விட்டு வந்த காலுறைகளின் நாற்றம் மாலைகளின் மணத்தோடு கலந்தது.

"இவர்களுக்காக" என்று மேலதிகாரி தழுதழுத்தார், "இரண்டு நிமிட மௌன அஞ்சலி."

"எழுந்து நில்லுங்கள்" என்று இயக்குநர் ஒலிவாங்கியில் சொன்னார். "இவர்கள் எல்லாரும் எங்களுடைய மக்கள். இவர்கள் இருக்கும்போது நாம் இவர்களைக் கவனிக்கவில்லை."

எல்லாரும் எழுந்தார்கள். முஸ்பிராவின் மாமா முன்வரிசையில் நின்று, குனிந்த தலையோடு பக்கத்தில் நின்ற மருமகளைக் கடைக்கண்ணால் பார்த்தார். முஸ்பிரா நிலத்தைப் பார்த்தாள்.

மௌனம் நடந்துகொண்டிருக்கும்போது கதவால் அருளம்மா வந்தாள். மஞ்சள் சீலை, தலையில் பூ, தோளில் பை. இலுப்பைக்கடவை பஸ் பிந்திவிட்டது. எல்லாரும் தலை குனிந்து நிற்பதைக் கண்டு அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் தலை குனிந்தாள்.

மௌனம் முடிந்தது. மேலதிகாரி பூத்தட்டோடு படம் படமாகப் போய்ப் பூ வைத்தார். பின்னால் இயக்குநர். பின்னால் வரிசை. அருளம்மாவும் வரிசையில் சேர்ந்துகொண்டாள். யாரோ அவளுடைய கையில் பூக் கொடுத்தார்கள். போகும் வழியெல்லாம் அவள் கழுத்தை நீட்டிச் சுவரைத் தேடினாள். இரண்டு பல் இல்லாத ஒரு சிரிப்பைத் தேடினாள்.

அருளம்மாவின் படம் நடுச்சுவரில், எல்லாவற்றிலும் பெரிதாகத் தொங்கியது. கிருஷிகா அதன் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தாள். கந்தோர்க் கமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

அருளம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். சிவந்த முகம், மூடிய வாய், தங்கச் சங்கிலி, புறா. கொஞ்ச நேரம் பார்த்தாள். பூவைக் கீழே வைத்தாள். கும்பிட்டாள். பிறகு கிருஷிகாவின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"பாவம், நல்ல குடும்பத்து மனிசி போல கிடக்கு. எப்பிடிப் பிள்ளை செத்தவா?"